சொல்லில் உறையும் கதை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பாகக் கல்வராயன் மலை நீண்டு கிடக்கின்றது. அதன் முடிகளில் பெய்யும் மழை கோமுகி ஆறாகத் திரண்டு இறங்கி, அடிவாரத்து வயல்களை வளஞ்செய்கின்றது. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் அம்மலைச் சரிவுகளில் மலையாளி என்னும் பெயர் பூண்ட பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பெயர் அவ்வாறாயினும் அவர்தம் தாய்மொழி தமிழே. அவர்களுடைய பிள்ளைகள் வெள்ளிமலை முதலிய மலையூர்களிலும், அடிவாரத்து ஊர்களிலும் உள்ள பள்ளிகளிற் பயில்கின்றனர்.

அப்பிள்ளைகளுக்கும், சமவெளியில் வாழும் அவர்தம் தோழர்க்கும் கல்வியில் எதிர்ப்படும் தடை ஒன்று உண்டு. அஃது ஆங்கிலச் சொற்களை நினைவில் நிறுத்துதலாம். மாலையில் பலமுறை சொல்லி நெட்டுருச் செய்த சொல், காலையில் வகுப்பில் எழுந்து நின்றவுடன் மறந்து போகின்றது. மறதி பழகப் பழக, 'இம்மொழி எனக்கு வாராது' என்னும் எண்ணம் மாணவன் உள்ளத்தில் வேரூன்றுகின்றது. அது வேரூன்றியபின் ஆங்கிலப் பாடம் மட்டுமன்றி, அம்மொழிச் சொற்கள் நிறைந்த அறிவியற் பாடமும் அயலாகத் தோன்றுகின்றது. உயர்கல்வியின் வாயிலே அடைபட்டதுபோல் அவன் மனந் தளர்கின்றான்.

ஆனால், அதே மாணவன் சித்திரைத் திங்களில் தன் ஊரிலோ அயலூரிலோ நடைபெறும் பாரதக் கூத்தைக் காணச் செல்கின்றான். விடியுமட்டும் விழித்திருந்து காண்கின்றான். மறுநாள், யார் வந்தார், யாது உரைத்தார், யார் மடிந்தார் என்று ஒன்றும் விடாது தன் தம்பிக்குக் கூறுகின்றான். பத்துச் சொற்களை மறந்த உள்ளம் ஒரு பெருங்காப்பியத்தை மறவாதிருப்பது எங்ஙனம்? சொற்பட்டியில் உள்ள சொற்கள் தனித்தனியே உதிர்ந்து கிடப்பவை. கூத்தில் உள்ள செய்திகளோ கதை என்னும் ஒரே நூலில் கோக்கப்பட்டவை. கோத்த மணி சிதறாது. ஆங்கிலச் சொற்களையும் அவ்வாறு கோத்தற்கு ஏற்ற நூல் உண்டு. அதனை அறிந்தவர்க்கு அம்மொழி எளிதாகும்.

கதை சொல்லாகும் முறை

மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கதை, நாளடைவில் சுருங்கிச் சுருங்கி ஒரு சொல்லாக நின்றுவிடும். தமிழில் இதற்குச் சான்றுகள் பல. விடாது உறங்குபவனைக் கும்பகர்ணன் என்கிறோம். அரிய முயற்சியைப் பகீரத முயற்சி என்கிறோம். அங்குமின்றி இங்குமின்றி இடையில் நிற்கும் நிலையைத் திரிசங்கு நிலை என்கிறோம். சூழ்ச்சி செய்பவன் சகுனி. இல்லையென்னாது வழங்குபவன் கர்ணன். இவ்வாறு பேசும்பொழுது எவரும் முழுக்கதையையும் எடுத்துரைப்பதில்லை. ஒரு பெயரைச் சொன்ன அளவில் கதை முழுவதும் கேட்பவர் உள்ளத்தில் விரிகின்றது. கதை அறியாத அயல்நாட்டவர்க்கோ 'திரிசங்கு' என்பது பொருளற்ற ஓர் ஒலியே ஆகும். அவர் அதனை நெட்டுருச் செய்தால் மறப்பர். கதையைக் கேட்டால் மறவார்.

ஆங்கிலத்திலும் இத்தகைய சொற்கள் மிகப் பல. அவற்றுக்குப் பிறப்பிடமான கதைகள் பெரும்பாலும் கிரேக்க நாட்டுக் கதைகள். அந்நாட்டவரைப் பண்டைத் தமிழர் யவனர் என்றனர். கிரேக்கரின் சொற்கள் ஆங்கிலத்துட் புகுந்தது ஒரே நாளில் அன்று. கிரேக்கத்தை வென்ற உரோமர், தோற்றவரின் கலைகளையும் கதைகளையும் போற்றி ஏற்றனர். அதனால் அவர்தம் இலத்தீன் மொழியில் கிரேக்கச் சொற்கள் கலந்தன. கி.பி. 1066-இல் பிரான்சு நாட்டு நார்மண்டியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு மொழி வாயிலாக அச்சொற்கள் ஆங்கிலத்தை அடைந்தன. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்தில் இங்கிலாந்து அறிஞர் கிரேக்க நூல்களை நேரே பயின்று மேலும் பல சொற்களை எடுத்துக்கொண்டனர். அறிவியல் வளர்ந்த காலத்திலோ, புதியனவற்றுக்குப் பெயரிட வேண்டியபொழுதெல்லாம் அறிஞர் கிரேக்கத்தையே நாடினர். தாய், தந்தை, நீர், வீடு போன்ற பொருள்களைக் குறிக்கும் எளிய ஆங்கிலச் சொற்கள் செருமானிய இனத்தைச் சேர்ந்தவை. மாணவரை அச்சுறுத்தும் நீண்ட சொற்களிற் பலவே கிரேக்க வழியின.

மலையும் வனமும் தந்த சொற்கள்

கல்வராயன் மலைச் சரிவில் நின்று ஒருவன் உரக்கக் கூவினால், எதிர்மலை அவன் குரலையே திருப்பி அளிக்கும். இதனைத் தமிழர் எதிரொலி என்பர்; ஆங்கிலர் 'எக்கோ' என்பர். எக்கோ என்பவள் கிரேக்கக் கதையில் வரும் ஒரு மலைமகள். ஓயாது பேசும் இயல்பினளாகிய அவள்மீது ஈரா என்னும் தேவி சினங்கொண்டாள். 'பிறர் கூறும் இறுதிச் சொல்லையன்றி வேறொன்றும் நீ பேசாதொழிக' எனச் சபித்தாள். பின்னர் எக்கோ, நார்சிசஸ் என்னும் அழகிய இளைஞனைக் காதலித்தாள். அவன் அவளைப் புறக்கணித்தான். துயரத்தால் அவள் உடல் தேய்ந்து மறைந்தது. குரல் மட்டும் மலைகளில் எஞ்சி நின்றது. நார்சிசசோ சுனைநீரில் தோன்றிய தன் நிழலையே கண்டு மயங்கி, அவ்விடத்திலேயே மாய்ந்து ஒரு மலராயினான். தன்னையே வியந்து தன்னையே போற்றும் இயல்பை ஆங்கிலர் 'நார்சிசிசம்' என்பது இதனாலேயாம். ஒரு கதையை அறிந்த மாணவன் இரு சொற்களைப் பெற்றுவிட்டான்.

மலைக்காட்டில் அமைதியாக மேயும் ஆட்டுமந்தை காரணமின்றித் திடீரென வெருண்டு ஓடுவதுண்டு. ஊரார், 'முனி விரட்டியது' என்பர். கிரேக்க நாட்டு இடையரும் இத்தகைய அச்சத்தைக் கண்டனர். ஆட்டுக்காலும் கொம்பும் உடைய பான் என்னும் வனதேவதையின் செயல் என்றனர். காரணம் தோன்றாது கூட்டத்தைப் பற்றும் பேரச்சத்துக்கு ஆங்கிலத்தில் 'பேனிக்' என்னும் பெயர் அப்பானின் பெயரிலிருந்து வந்ததே.

அதே பான், சிரிங்ஸ் என்னும் பெண்ணைப் பின்தொடர்ந்தான் என்றும், அவள் ஆற்றங்கரையில் நாணலாக மாறினாள் என்றும், அந்நாணலை அறுத்து அவன் குழல் செய்து ஊதினான் என்றும் ஒரு கதை உண்டு. சிரிங்ஸ் என்றால் கிரேக்க மொழியில் குழல் அல்லது குழாய் என்பது பொருள். மருத்துவமனையில் ஊசி மருந்து செலுத்தப் பயன்படும் 'சிரிஞ்ச்' என்னும் குழாயின் பெயர் இதன் வழியதாகும். நிலத்தடி வழியைக் குறிக்கச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் வழங்கும் சுருங்கை என்னும் சொல்லும் அக்கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது என அறிஞர் கருதுவர்.

டான்டலஸ் என்னும் மன்னன் தேவர்க்குப் பிழை செய்தான். மறுவுலகில் அவன் கழுத்தளவு நீரில் நிறுத்தப்பட்டான். நீர்வேட்கையாற் குனிந்தால் நீர் வற்றும். தலைக்குமேல் தொங்கும் கனியைப் பறிக்கக் கைநீட்டினால் கிளை விலகும். எட்டுவதுபோற் காட்டி எட்டாமற் செய்து வருத்துதலை ஆங்கிலர் 'டான்டலைஸ்' என்பர். 1802-ஆம் ஆண்டில் ஏக்கபெர்க் என்னும் சுவீடன் நாட்டு வேதியியலார் ஒரு தனிமத்தைக் கண்டறிந்தார். அமிலத்தில் இட்டாலும் அதனை ஏற்காது நிற்கும் அதன் இயல்பைக் கண்டு, நீரில் நின்றும் நீர் பருகாத மன்னனை நினைத்து, 'டான்டலம்' என்று பெயரிட்டார். அத்தனிமத்தோடு கலந்தே கிடைக்கும் மற்றொன்றுக்கு 1844-இல் டான்டலஸ் மகளாகிய நயோபியின் பெயரால் 'நயோபியம்' என்னும் பெயர் வழங்கப்பட்டது. வேதியியல் அட்டவணையிலும் தந்தையும் மகளும் அடுத்தடுத்த வரிசையில் ஒருவர்கீழ் ஒருவராக இருக்கின்றனர்.

சக்கரவியூகமும் சிக்கறையும்

பாரதக் கூத்தில் காண்போர் கண்ணீரைப் பெருக்கும் பகுதிகளுள் ஒன்று அபிமன்யுவின் போர். சக்கரவியூகத்துட் புகும் வழியை அவன் அறிவான். மீளும் வழியை அறியான். புகுந்த இளைஞன் மீளாது மடிந்தான்.

கிரேக்கக் கதையிலும் இத்தகையதோர் இடம் உண்டு. கிரீட் தீவில், புகுந்தவர் வெளிவர இயலாதவாறு வழிகள் பின்னிய சிக்கறை ஒன்று இருந்ததாம். அதன் பெயர் 'லாபிரிந்த்'. எருதுத் தலையும் மனித உடலும் கொண்ட கொடிய உயிர் ஒன்று அதன் நடுவில் இருந்தது. அதனைக் கொல்லப் புறப்பட்ட தீசியஸ் என்னும் வீரனிடம், அந்நாட்டு இளவரசி அரியாட்னி ஒரு நூலுருண்டையைக் கொடுத்தாள். வாயிலில் ஒரு முனையைக் கட்டி, நூலை அவிழ்த்துக்கொண்டே உள்ளே சென்ற தீசியஸ், பகையை முடித்தபின் அந்நூலைப் பற்றியே வெளிப்போந்தான். நூலுருண்டைக்குப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் 'குளூ'. அது கிரேக்கச் சொல் அன்று. ஆங்கிலரின் சொந்தச் சொல்லே. எனினும் இக்கதையை ஆங்கிலர் மீண்டும் மீண்டும் சொன்னதனால், சிக்கலை அவிழ்க்க உதவும் துப்பு எதுவாயினும் அதற்குக் 'குளூ' என்பது பெயராயிற்று.

தமிழிலோ நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும். கற்கும் ஏட்டையும் குறிக்கும். பொருளறியாது சொற்களை மனப்பாடம் செய்பவன், மீளும் வழியறியாது வியூகத்துட் புகுந்த அபிமன்யுவை ஒப்பான். கதையறிந்து கற்பவன் கையில் நூலோடு புகுந்த தீசியஸ் ஆவான்.

கூத்துக் களமும் கிரேக்க அரங்கும்

கிரேக்கர் தம் பழங்கதைகளைக் கேட்டதோடு அமையாது, நடித்தும் கண்டனர். ஏதென்சு நகரில் அக்ரோபொலிஸ் என்னும் குன்றின் தென்சரிவில் டயோனிசஸ் என்னும் தெய்வத்தின் அரங்கம் இருந்தது. இளவேனிற் காலத்தில் அத்தெய்வத்துக்கு விழா எடுத்து, மக்கள் குன்றின் சரிவில் அமர்ந்து பகற்பொழுதில் நாடகம் கண்டனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஈஸ்கிலஸ், சோபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் என்னும் பெரும்புலவர் மூவர் அவ்விழாவில் தம் நாடகங்களை அரங்கேற்றிப் போட்டியிட்டனர்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில் விழாவின்போது பகலில் பாரதம் படிப்பர். இரவில் கூத்து ஆடுவர். தெய்வத்திற்கு எடுக்கும் விழா, திறந்தவெளி, பழங்கதை, பாட்டு, ஆட்டம், பலரும் அமர்ந்து காணுதல் ஆகிய அனைத்திலும் இருநாட்டு அரங்குகளும் ஒத்துள்ளன. ஆகலின் கூத்தைக் கண்ட மாணவனுக்கு நாடகம் பற்றிய ஆங்கிலச் சொற்கள் கண்முன் காட்சியாகவே விளங்கும்.

'தியேட்டர்' என்பது காணும் இடம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழியது. 'டிராமா' என்றால் செயல். கூத்தில் பின்பாட்டுப் பாடுவோர் இருப்பதுபோலக் கிரேக்க நாடகத்தில் ஆடிப்பாடும் குழு ஒன்று உண்டு. அதன் பெயர் 'கோரஸ்'. துயர நாடகத்தில் அக்குழுவினர் முதலில் பன்னிருவராகவும் பின்னர்ப் பதினைவராகவும் இருந்தனர். அவர்கள் ஆடிய வட்டக்களம் 'ஆர்கெஸ்ட்ரா'. ஆடுமிடத்தின் பெயர் இன்று இசைக்கருவிக் குழுவின் பெயராயிற்று. குழுப்பாடல் இரண்டுக்கு இடையே நடிகர் வந்து பேசும் பகுதி 'எபிசோட்'. தொலைக்காட்சித் தொடரின் ஒருநாட் பகுதி இன்று அப்பெயரால் வழங்குகின்றது.

கூத்துக் களத்தின் பின்புறத்தில் நடிகர் அரிதாரம் பூசி, புயக்கட்டையும் கிரீடமும் அணியும் ஒப்பனைப் பந்தல் இருக்கும். கிரேக்க அரங்கின் பின்புறத்திலும் நடிகர் வேடம் மாற்றும் குடில் ஒன்று இருந்தது. குடிலுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'ஸ்கீனி'. நாளடைவில் அக்குடிலின் முகப்பே அரண்மனையாகவும் கோயிலாகவும் காட்டப்பட்டமையால், அப்பெயர் காட்சியைக் குறிக்கும் 'சீன்' ஆயிற்று.

கிரேக்க நடிகர் முகமூடி அணிந்து நடித்தனர். நடிகனுக்கு 'ஹிப்போகிரிட்டிஸ்' என்பது பெயர். மேடையில் வேடம் பூணுதல் கலை. வாழ்க்கையில் வேடம் பூணுதல் வஞ்சகம். ஆதலின் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவோனை ஆங்கிலர் 'ஹிப்போகிரிட்' என்றனர். தமிழிலும் வேடதாரி என்னும் சொல் இதே வழியில் இழிபொருள் பெற்றது. இலத்தீனில் முகமூடிக்குப் 'பெர்சோனா' என்று பெயர். மனிதனைக் குறிக்கும் 'பர்சன்' என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்தே பிறந்தது.

அருச்சுனன் தபசில் நடிகன் உயர்ந்த கம்பத்தின்மேல் ஏறுவதைக் கண்டு ஊரார் வியப்பர். கிரேக்க அரங்கிலும் தெய்வமாக நடிப்பவனை வானிலிருந்து இறக்கிக் காட்ட ஒரு தூக்குப்பொறி இருந்தது. அதன் பெயர் 'மெக்கானி'. 'மெஷின்', 'மெக்கானிக்' என்னும் சொற்கள் அப்பெயரோடு ஒரே வேரிலிருந்து தோன்றியவை. உழுபொறி பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர், தெய்வத்தை வானிலிருந்து இறக்கிய கருவியின் பெயரையே தம் தொழிற்பெயராகத் தாங்கியுள்ளார்!

அரவானும் இபிஜினியாவும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த கூவாகம் என்னும் சிற்றூரில் கூத்தாண்டவர் கோயில் உள்ளது. கூத்தாண்டவராக அங்கு வழிபடப்படுபவன் அருச்சுனன் மகனாகிய அரவான். பாரதப் போரில் வெற்றி பெறுதற்குக் குற்றமற்ற வீரன் ஒருவனைக் களப்பலி கொடுத்தல் வேண்டும் என்று கூறப்பட்டது. அரவான் உடன்பட்டான், இறக்குமுன் மணஞ்செய்து வைக்குமாறு வேண்டினான். மறுநாள் சாகவிருப்பவனை மணக்க எவரும் முன்வாராமையால், கண்ணனே மோகினி வடிவு கொண்டு அவனை மணந்தான். ஆண்டுதோறும் சித்திரை முழுநிலா நாளில் திருநங்கையர் திரண்டு வந்து அரவான் பொருட்டுத் தாலி பூணுகின்றனர். மறுநாள் தாலியறுத்து, வெள்ளாடை உடுத்து, அவன் மறைவுக்காக அழுகின்றனர்.

கிரேக்கக் கதையில் அகமெம்னான் என்னும் வேந்தன் திராய் நகரின்மீது படையெடுத்தான். காற்று வீசாமையால் கப்பல்கள் துறைமுகத்திலேயே நின்றன. வேந்தனின் மகளாகிய இபிஜினியாவைப் பலியிட்டால் காற்று வீசும் என்று நிமித்திகன் உரைத்தான். மகளுக்கு மணம் என்று பொய்கூறி, அவளைத் தாயோடு பாசறைக்கு வரவழைத்தனர். யூரிப்பிடிசின் நாடகத்தில், முதலில் உயிருக்காக மன்றாடிய அம்மகள் இறுதியில் தன் நாட்டின் பொருட்டுத் தானே பலியாகத் துணிகின்றாள். யூரிப்பிடிஸ் கி.மு. 406-இல் மறைந்தார், அவர் மறைவுக்குப் பின்னரே இந்நாடகம் அரங்கேறியது.

கடலிடை நெடுந்தொலைவு பிரிந்த இரு நாடுகளிலும் போரும் பலியும் மணமும் ஒரே கதையிற் பின்னிக் கிடக்கின்றன. பெரியோர் தொடங்கும் போருக்கு இளையோர் உயிர் விலையாவதை இரு நாட்டாரும் எண்ணி வருந்தியுள்ளனர். இத்தகைய துயர நாடகத்தை ஆங்கிலர் 'டிராஜெடி' என்பர். அஃது ஆட்டுப்பாடல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். பரிசாக ஆடு வழங்கப்பட்டமையாலோ, ஆடு பலியிடப்பட்டமையாலோ அப்பெயர் வந்திருக்கலாம் என்பர். நாடகத்தின் முடிவில் எல்லாம் தலைகீழாகக் கவிழ்தலைக் கிரேக்கர் 'கடாஸ்டிரபி' என்றனர்; பேரழிவு எதனையும் ஆங்கிலர் இன்று அவ்வாறு குறிக்கின்றனர்.

துயரக் கதையைக் கண்டு அழுதவர் மனம் பாரம் நீங்கித் தெளிவடைகின்றது. இத்தெளிவை அரிஸ்டாட்டில் என்னும் பேரறிஞர் தம் கவிதையியல் நூலில் 'கதார்சிஸ்' என்றார். கழுவித் தூய்மையாக்குதல் என்பது அதன் பொருள். ஆங்கில மருத்துவத்தில் பேதி மருந்துக்குக் 'கதார்டிக்' என்னும் பெயர் உண்டு. கல்வராயன் மலைக்காட்டில் கிடைக்கும் கடுக்காய் வயிற்றைத் தூய்மை செய்யும் என்பதை மலைமக்கள் அறிவர். வயிற்றுக்குக் கடுக்காய் செய்வதை மனத்துக்குக் கூத்து செய்கின்றது என்று கொண்டால், இவ்வரிய சொல் ஒருபொழுதும் மறவாது.

வேர்ச்சொல்லும் அறிவியலும்

ஒரு வேரை அறிந்தால் பல கிளைகளை அறியலாம். 'புரோட்டோஸ்' என்பது முதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். நாடகத்தின் முதல் நடிகனும் கதைத் தலைவனும் 'புரோட்டகனிஸ்ட்'. விலங்கியலில் முதல் உயிர் எனக் கருதப்பட்ட ஓரணு உயிர்கள் 'புரோட்டோசோவா'. உணவிற் சிறந்த முதற்பொருள் எனக் கருதப்பட்டது 'புரோட்டீன்'. அணுவின் உட்கருவில் உள்ள துகளுக்கு ரூதர்போர்டு என்னும் அறிவியலார் 1920-இல் 'புரோட்டான்' என்று பெயரிட்டார். நாடகத்தில் ஒன்றும், விலங்கியலில் ஒன்றும், வேதியியலில் ஒன்றும், இயற்பியலில் ஒன்றுமாக நான்கு சொற்களும் ஒரே வேரின் கிளைகள்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் பெயர் பெற்றவை. 2021-இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அச்சிற்பி உளிகொண்டு மரத்திற் பதிக்கும் வடுவைப் போன்ற செதுக்கிய குறிக்குக் கிரேக்கர் 'கேரக்டர்' என்று பெயரிட்டனர். அச்சொல் ஆங்கிலத்தில் எழுத்தையும் குறிக்கும். ஒருவன் உள்ளத்திற் பதிந்து அழியாது நிற்கும் குணத்தையும் குறிக்கும். நாடகப் பாத்திரத்தையும் குறிக்கும். மூன்று பொருளுக்கும் அடிப்படை அவ்வுளியின் வடுவே.

கொண்டவையும் கொடுத்தவையும்

மொழிகள் ஒன்றினின்று ஒன்று கொள்வது இழிவன்று. சோதிடர் வழங்கும் ஓரை என்னும் சொல்லும், மணியைக் குறிக்கும் 'அவர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'ஹோரா' என்னும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து இரு வழியாக வந்தவை. கேந்திரம், 'சென்டர்' ஆகிய இரண்டும் 'கென்ட்ரான்' என்னும் சொல்லின் வழியின. தமிழும் ஆங்கிலத்துக்குக் கொடுத்துள்ளது: கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று, சுருட்டு 'செரூட்' ஆயிற்று, மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' என்னும் பெயரோடு ஆங்கிலர் உணவு மேசையை அடைந்தது.

ஆயினும் ஒன்றை எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும். ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் சொற்கள் உறவாகிவிடா. சேய்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'டெலி'. தமிழ்ச் சொல் தொலை. ஆகவே 'டெலிபோன்' என்பதைத் தொலைபேசி என மொழிபெயர்த்தது மிகப் பொருந்தியது. ஆனால் அவ்வொப்புமை ஒன்றைக்கொண்டே இரண்டும் ஒரு வேரின என முடிவு செய்தல் கூடாது. சொல்லின் பழைய வடிவங்களையும் அது வந்த வழியையும் ஆராய்ந்தபின்னரே உறவு கூறுதல் அறிவுடைமை. ஐயம் எழும்பொழுது நல்ல அகராதியைப் பார்த்தல் வேண்டும்.

கற்கும் முறை

இம்முறையைப் பின்பற்ற விரும்பும் மாணவர் ஒரு சுவடியை வைத்துக்கொள்ளலாம். முதலில் புதிய சொல்லை எழுதுக. அடுத்து அதன் கதையை இரண்டு மூன்று வரிகளில் எழுதுக. பின்னர் அதனோடு ஒத்த தமிழ்க் கதையையோ வழக்கையோ எழுதுக. இறுதியில் அச்சொல்லை வைத்துத் தாமே ஒரு வாக்கியம் அமைக்க. நாளொன்றுக்கு இரண்டு சொல் போதும். ஆண்டின் முடிவில் எழுநூறு சொற்கள் சேரும். சுவடியை மூடிவைத்து, அக்கதைகளைத் தம்பி தங்கையர்க்குச் சொன்னால் அவை மேலும் உறுதிப்படும்.

கிரேக்கர் கலைகளுக்கு உரியவராக மியூஸ் என்னும் தேவியர் ஒன்பதின்மரைப் போற்றினர். 'மியூசிக்', 'மியூசியம்' என்னும் சொற்கள் அவர்கள் பெயரால் அமைந்தவை. அத்தேவியரின் தாய் நெமோசினி. அப்பெயருக்கு நினைவு என்பது பொருள். நினைவே கலைகளின் தாய் என்பது இதன் கருத்து. எழுத்தறியாத முதியோரும் பாரதம் முழுவதையும் நினைவிற் காத்துக் கூத்தாக ஆடிவந்த ஊர்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அத்தாயின் அருள் குறைவன்று.

ஆதலின், கூத்தைக் கல்லாதார் பொழுதுபோக்கு என்று எண்ணி ஒதுக்கும் மாணவன், தன் வீட்டுத் திறவுகோலை எறிந்துவிட்டு அயல்வீட்டுக் கதவைத் தட்டுபவன் ஆவான். அரவானை அறியாதவனுக்கு இபிஜினியா வெறும் பெயர்; அபிமன்யுவை அறிந்தவனுக்குத் தீசியசின் நூல் உடனே விளங்கும். தன் ஊர்க் களரியில் கண்டதை உள்ளத்திற் காத்து, அயல்மொழிச் சொற்களை அதனோடு கோத்துக் கற்பவன் இரு மொழியையும் தனதாக்கிக்கொள்வான். 'இம்மொழி எனக்கு வாராது' என்னும் அச்சத்தை அவன் கல்வராயன் மலையின் எதிரே நின்று உரத்துக் கூறினால், அம்மலை அவன் கூறியதையே திருப்பிக் கூறும். 'வரும்' என்று கூறினால், 'வரும்' என்றே அதுவும் கூறும்.